வரிசையில் ஐந்தாவது ஆள்

ஜூன் 1, ஞாயிறு

ஆர்டர் திறக்கிற நாளில் வடை சுடப் போகக் கூடாது. காலை பத்து மணிக்கு இன்ஸ்டாவில் படிவத்தைத் திறந்து வைத்தேன். முதல் ஈடு வடையை எடுத்துப் போட்டுவிட்டு வந்து பார்த்தால் எட்டு இடமும் போய்விட்டது. அந்த எட்டில் மூன்று ஒரே ஆள். தன் பெயர், தங்கை பெயர், மச்சான் பெயர் என்று மாற்றிப் போட்டவன் போன் நம்பரை மாற்ற மறந்துவிட்டான்.

மதியத்துக்குள் இன்பாக்ஸ் முழுக்கத் திட்டு. "எங்க ஊர்ல டவர் கெடைக்கறதுக்குள்ள நீங்க கதவச் சாத்திக்கறீங்க. டவுன்காரங்களுக்கு மட்டுந்தான் வரைவீங்களா?" என்று அந்தியூர்ப் பக்கமிருந்து ஒருவர். அவர் கேட்டது சரிதான்.

என் தொழில் ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஒரே போட்டோவில் சேராமல் போனவர்களைச் சேர்த்து டேப்லெட்டில் வரைந்து, கேன்வாஸில் பிரின்ட் போட்டுத் தருகிறேன். தங்கை வளைகாப்புக்கு லீவு கிடைக்காமல் துபாயிலேயே இருந்துவிட்ட அண்ணன், கிரகப்பிரவேசத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்த அப்பா, இப்படி. ஒரு படத்துக்கு எட்டுப் பத்து நாள் பிடிக்கும். ஒரு தடவைக்கு எட்டுப் பேருக்கு மேல் எடுத்தால் கழுத்து திரும்பாது.

போன தடவை "ஏன் வேண்டும்" என்று காரணம் எழுதச் சொல்லி ஆளைத் தேர்ந்தெடுத்தேன். யாருடைய துக்கம் பெரிய துக்கம் என்று உட்கார்ந்து மார்க் போட்டதை நினைத்தால் கூசுகிறது. ஒருவர் அம்மா தவறிவிட்டதாக உருக்கமாக எழுதி இடம் பிடித்தார். பத்து நாள் கழித்து அந்த அம்மாவே எனக்குப் போன் செய்து, "சீலையப் பச்சையில போடு சாமி, மாம்பழக் கலரு எனக்கு எடுக்காது" என்றார்.

இன்று வந்த எட்டையும் ரத்து செய்துவிட்டேன். அடுத்த ஞாயிறு குலுக்கல். வீட்டுக்காரர் லோகுவிடம் சொன்னதும், "நல்லது கோகி. இனிமேல் சாமியத் திட்டுவாங்க, உன்னைத் திட்ட மாட்டாங்க" என்று ஆறிப்போன வடையைக் கடித்தார்.

ஜூன் 8, ஞாயிறு

குலுக்கல் முடிந்தது. வீடியோ எடுத்துப் போட்டேன், யாரும் வாய் திறக்கக் கூடாது என்று. முறுக்கு வைக்கிற சம்படத்தில் சீட்டுகளைப் போட்டு லோகு கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். ஒரு சீட்டு எண்ணெயில் நனைந்து ஒட்டிக்கொண்டது. அதுதான் நான்காவது: பெனாசிர், சென்னையில் விடுதியில் தங்கி வேலை பார்க்கிற பெண். ஐந்தாவது ருக்குமணி, பெருந்துறைப் பக்கம்.

விதிகளைத் திருத்தி எழுதி இன்ஸ்டா பக்கத்தின் உச்சியில் ஒட்டிவைத்தேன். ஒன்பது விதி. ஒருவருக்கு ஓர் இடம்தான். காரணம் எதுவும் எழுத வேண்டாம். வரிசைப்படிதான் வரைவேன். போட்டோவில் ஆளை ஒட்டுகிற வேலை செய்ய மாட்டேன், அதற்கு ஸ்டூடியோவுக்குப் போகலாம். நான் எல்லோரையும் புதிதாகத்தான் வரைவேன். இப்படி ஒன்பது. படித்துப் பார்க்க எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

ஜூன் 9, திங்கள்

எட்டுப் பேரிடமும் பேசினேன். ருக்குமணி அரசுப் பள்ளி ஆசிரியை. பேச்சு முழுக்க "உங்க சௌகரியம் போலச் செய்யுங்க" தான். இந்த மாதிரி ஆட்கள் எட்டுப் பேர் கிடைத்தால் எனக்கு முடி நரைக்காது.

அவர் வீட்டுக்காரர் தங்கமுத்து லாரி ஓட்டியவர். மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனவரை மகாராஷ்டிராவில் ஒரு செக்போஸ்ட்டில் வண்டியோடு நிறுத்திவிட்டார்கள். தாலி கட்டி, பந்தி முடிந்து, பந்தலைப் பிரிக்கும்போது வந்து சேர்ந்தாராம். தாரை வார்த்துக் கொடுத்தது அவருடைய அண்ணன் குமாரசாமி. கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட அப்பா இல்லை.

"பெத்த பொண்ணு கல்யாணத்தவிட லோடு பெருசாப் போச்சு அவனுக்குன்னு அண்ணந்தம்பிக எல்லாரும் பேசுனாங்க. அவரும் எதுத்து ஒரு வார்த்தை சொல்லலீங்க. அதுக்கப்புறம் போக்குவரத்தே நின்னுபோச்சு. போன வருசம் அவரு போயிட்டாரு. வருச தெவசத்துக்கு எல்லாரும் வர்றேன்னிருக்கறாங்க. அன்னிக்கு அவரு பொண்ணு பக்கத்துல நிக்கற படம் ஒண்ணு வீட்ல இருக்கோணுமுங்க. அவ்வளவுதான்" என்றார்.

எப்போது தவறினார் என்று கேட்டேன். செப்டம்பர் இரண்டு, அமாவாசையன்று. போனில் செப்டம்பர் 2 என்று நினைவூட்டல் போட்டுக்கொண்டேன். அதற்குள் தாராளமாக முடியும். ஜூலைக் கடைசியிலேயே அவர் முறை வந்துவிடும்.

ஜூன் 14, சனி

கேஸ் தீர்ந்தது. முதல் ஆளின் படத்தில் மூக்கு ஒத்துவரவில்லை.

ஜூன் 27, வெள்ளி

இரண்டாவது படத்தில் ஒன்பது பேர். அதில் இரட்டையர் வேறு. யார் யார் என்று அவர்கள் வீட்டிலேயே சண்டை போட்டுக்கொண்டு எனக்கு மூன்று தடவை மாற்றிச் சொன்னார்கள். வரிசைப்படி வேலை போகிறது. மனம் நிம்மதியாக இருக்கிறது.

ஜூலை 2, புதன்

ஆறாவது ஆள் கூப்பிட்டார். கனடா விசா வந்துவிட்டதாம், பதிமூன்றாம் தேதி விமானம். அப்பா அம்மாவோடு தானும் இருக்கிற படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றார். இதை எப்படி முடியாது என்பது? வரிசையைக் கொஞ்சம் மாற்றி அமைத்தேன்.

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது ஆட்களுக்குச் செய்தி அனுப்பினேன். மூன்றாவது ஆள் ஒரு கட்டைவிரலை அனுப்பினார். பெனாசிர் "சரிக்கா" என்றாள். ருக்குமணி டீச்சர் கூப்பிட்டே சொன்னார்: "அதுக்கென்னங்க, தெவசத்துக்குள்ள கெடைச்சாப் போதும். அவரு பாவம், நாடு விட்டு நாடு போறாரு." எவ்வளவு நல்ல மனம்.

ஜூலை 10, வியாழன்

டீச்சர் போட்டோக்களை அனுப்பியிருக்கிறார். கல்யாண மேடைப் படம் ஒன்று. மணமக்கள், சம்பந்தி வீட்டார், டீச்சர், ஓரத்தில் பெரிய மீசையோடு அந்த அண்ணன் குமாரசாமி. தங்கமுத்துவுக்கு இரண்டே படம்தான்: டிரைவிங் லைசென்ஸில் இருக்கிற முகம், லாரிக்கு முன்னால் நிற்கிற பாதி உடம்பு. கூடவே மடித்து வைத்த ஒரு சட்டையின் படம், சந்தன நிறம். கல்யாணத்துக்காக எடுத்த சட்டையாம். லாரியில் பைக்குள்ளேயே கிடந்ததாம். "போட்டிருந்தா எப்படி இருந்திருப்பாருன்னு நீங்கதான் பாத்துச் சொல்லோணும்" என்று எழுதியிருந்தார்.

கனடாக்காரர் படம் அச்சுக்குப் போய்விட்டது.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் தேதி. எங்கள் பக்கத்து வழக்கப்படி தெருவெல்லாம் தேங்காய் சுடுகிற வாசம். லோகு எங்கள் வீட்டுத் தேங்காயைக் குச்சியில் குத்திச் சுடுகிறேன் என்று கரியாக்கிவிட்டார். உள்ளே வைத்த பாசிப்பருப்பும் வெல்லமும் மட்டும் தப்பித்தன. மூன்றாவது படத்தில் பாதி முடிந்தது.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. லோகு அவர் அப்பாவுக்குத் திதி கொடுக்கப் பவானி கூடுதுறைக்குப் போனார். கூட்டத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு பஸ்ஸில் வந்தார். நான் வாழைக்காய் வறுத்து, காக்காய்க்கு வைத்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும் எட்டாவது ஆள் போன். அவர் கம்பெனியில் மேலாளர் மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறாராம். அவரையும் பழைய முதலாளியையும் சேர்த்த படம் அதற்குள் வேண்டுமாம். முடியாது, உங்கள் முறை கடைசி என்றேன். அந்த ஆள் போட்ட சத்தத்தில் டேப்லெட்டே ஆடியது. "நாலாயிரம் பேரு பாக்கற குரூப்புல உங்களப் பத்திப் போடறேன், பாத்துக்குங்க" என்றார். இவரோடு மல்லுக்கட்டி எனக்கு என்ன ஆகப்போகிறது? முடித்துக் கொடுத்துத் தொலைத்தால் நிம்மதி. பெனாசிருக்கும் டீச்சருக்கும் மறுபடி செய்தி அனுப்பினேன். டீச்சரிடம் கேட்கவே வேண்டியதில்லை, செப்டம்பர் வரை நேரம் கிடக்கிறது. "பரவாயில்லைங்க" என்றுதான் பதிலும் வந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. அத்தை, லோகுவின் அம்மா, ஊரிலிருந்து வந்திருந்தார். கூடவே லோகுவின் பெரியம்மா மகன் கந்தவேல், எனக்குக் கொழுந்தன் முறை. கை நிறைய முறுக்கு, வாய் நிறைய "நங்கை, நங்கை". அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவது. ஆனால் இவன் இத்தனை தடவை கூப்பிட்டால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம்.

இருந்தது. இருபத்தொன்பதாம் தேதி கிரகப்பிரவேசம். புது வீட்டு வாசலில் அவன் அப்பா அம்மா நிற்கிற மாதிரி ஆள் உயரப் படம் வேண்டும். அப்பா போய் ஐந்து வருடம் ஆகிறது.

"தம்பி, இதுக்குக் குலுக்கல் இருக்குதுங்க. அடுத்த தடவை பேரு குடுங்க" என்றேன்.

"ஏனுங் நங்கை, சொந்தத்துக்குள்ள என்னங் குலுக்கலு?" என்று சிரித்தான்.

அத்தை காபி டம்ளரை வைத்துவிட்டு, "ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் வரையற. நம்மூட்டுப் பையனுக்கு மாட்டேங்கற. நாளைக்கு அந்த வாசல்ல போயி நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு நிக்கறது?" என்றார். லோகு உள்ளே போய் மோட்டார் போடுகிற சாக்கில் ஒளிந்துகொண்டார். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தும் வெளியே வரவில்லை.

பெனாசிருக்கு அடுத்து கந்தவேலை வைத்திருக்கிறேன். டீச்சருக்குச் சொல்லவில்லை. சும்மா சும்மா அவரைத் தொந்தரவு செய்வானேன்.

ஆகஸ்ட் 6, புதன்

காய்ச்சல்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்னும் காய்ச்சல். லோகு வைத்த ரசத்தில் உப்பு இல்லை. குடித்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஒரு வாரம் போனதே தெரியவில்லை. இன்றுதான் பெனாசிர் படத்தை ஆரம்பித்தேன். கல்லூரித் தோழிகள் மூன்று பேர். ஒருத்தி கத்தாரில், ஒருத்தி திருநெல்வேலியில். படித்து முடித்த பிறகு மூவரும் ஒன்றாக உட்காரவே இல்லையாம். மாடிப்படியில் உட்கார்ந்த மாதிரி வரையச் சொல்லியிருக்கிறாள். துப்பட்டா மடிப்புகளில் கை நன்றாக ஓடுகிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்று நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

காலையில் டீச்சர் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ஈரோட்டுக்கு வந்து படத்த வாங்கிக்கட்டுங்களா? சனிக்கிழமை காலையில தெவசம்."

எனக்குப் புரியவில்லை. "செப்டம்பர் ரெண்டுன்னு சொன்னீங்களே டீச்சர்?"

"அது அவரு போன தேதிங்க. தெவசம் திதிக்கில்லீங்க வரும்? ஆவணி அமாவாசை இந்தச் சனிக்கிழமையே வந்துருச்சு."

எங்கள் வீட்டுச் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. லோகு வருடா வருடம் அமாவாசை பார்த்துத்தான் அவர் அப்பாவுக்குத் திதி கொடுக்கிறார். போன மாதம் வாழைக்காய் வறுத்தவள் நான். அப்படியிருந்தும் ஒரு தெவசத்தை இங்கிலீஷ் தேதி வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். என் புத்தியை எதால் அடிக்க?

"இன்னும் ஆரம்பிக்கலீங்க டீச்சர்" என்றேன்.

"எனக்கு முன்னால இன்னும் எத்தன பேருங்க?" என்றார்.

"ரெண்டு பேருங்க."

"ஜூன்ல நாலு பேருன்னு சொன்னீங்க. நடுவுல விட்ட ரெண்டு பேரயும் சேத்துனாலும் ஆறு பேருதான. இத்தன நாள்ல நாலு பேருக்குத்தான் முடிச்சீங்களா?"

டீச்சரிடம் கணக்கில் ஏமாற்ற முடியாது. சொன்னேன். ஒருவருக்கு விமானம், ஒருவர் ரொம்பச் சத்தம் போட்டார், அடுத்து இருப்பவர் எங்கள் சொந்தம். சொல்லச் சொல்ல எனக்கே அந்த வரிசை எப்படிக் கேட்கிறது என்று காதில் விழுந்தது.

"கோகிலா" என்றார். முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "உங்க பக்கத்துல ஒம்பது விதி போட்டிருக்கறீங்க. நான் ஒவ்வொண்ணாப் படிச்சுட்டுத்தான் பேரு குடுத்தேன். சத்தம் போட்டா முன்னால போலாம்னு அதுல எழுதியிருந்தா நானும் போட்டிருப்பேனுங்க. எனக்கென்ன சத்தம் போடத் தெரியாதா? நாப்பது பசங்கள வெச்சு மேய்க்கறவ நானு. எழுதியிருக்கறத நம்பி வாய மூடிட்டு இருந்தேன்."

குரல் ஏறிக்கொண்டே போனது. "தெவசத்துக்குத்தாங்க எல்லாரும் வருவாங்க. அது முடிஞ்சா என்ற வாசப்படிய யாரு மிதிக்கப்போறாங்க? அப்பறம் அந்தப் படத்த நானும் செவுருந்தான் பாத்துட்டு இருக்கோணும்."

போனை வைத்துவிட்டார். நான் சமையல்கட்டில் போய் நின்று அழுதேன். அவர் திட்டியதற்காக அழவில்லை. இரண்டரை மாதமாக நான் யாரைத் தள்ளினேனோ அவரையே நல்ல மனம் என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேனே, அதற்காக.

ஆகஸ்ட் 18, மாலை

முதலில் தோன்றியது, பெனாசிர் படத்தை மூடிவைத்துவிட்டு டீச்சர் படத்தை எடுத்துவிடலாம் என்பதுதான். லோகு கேட்டார், "அப்ப அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்லுவ?"

"ஏதாவது சொல்லிக்கறேன் மாமா."

"இத்தன நாளும் ஏதாவது சொல்லித்தான இங்க வந்து நிக்கற" என்றார். மோட்டார் போட ஓடினவர் பேசுகிற பேச்சு. ஆனாலும் சரியாகத்தான் சொன்னார்.

இடம் என்னுடையது இல்லை. அவரவருடையது. தள்ளிப்போக முடியுமா என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும், அதுவும் முடியாது என்று சொல்ல இடம் கொடுத்து. இதுவரை நான் அனுப்பியதெல்லாம் தகவல், கேள்வி இல்லை. நடந்தது முழுவதையும் எழுதி முதலில் பெனாசிரைக் கேட்டேன்.

பெனாசிர் உடனே கூப்பிட்டாள். "அக்கா, கேக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா நான் விட்டுத்தர மாட்டேன். ஏற்கெனவே ரெண்டு தடவ தள்ளிட்டீங்க. கத்தார்ல இருக்கறவ இருபத்தொண்ணாந்தேதி வர்றா, ஒரே வாரம்தான் லீவு. நாங்க மூணு பேரும் திருச்சில பாத்துக்கறோம். அன்னிக்குக் குடுக்கணும்னுதான் வாங்குறேன். முன்னாடியே சொல்லியிருப்பேன், நீங்க காரணம் எதுவும் எழுத வேண்டாம்னு போட்டிருந்தீங்க."

ஆமாம். நான்தான் போட்டிருந்தேன். "நீ கேட்டது நியாயம்தாம்மா. புதன்கிழமைக்குள்ள முடிச்சு அனுப்பிடறேன்" என்றேன்.

அடுத்து கந்தவேலைக் கூப்பிட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏனுங் நங்கை, எனக்காக ராவும் பகலும் சேத்தி உக்காந்து வரைவீங்கன்னு நெனச்சுப்போட்டேன். இன்னொருத்தரத் தள்ளிப்போட்டு எனக்குக் குடுக்கறீங்கன்னு எனக்கு யாரு சொன்னா? அந்தம்மாளுக்குக் குடுங்க மொதல்ல" என்றான். பிறகு, "அதுக்காக எனக்கு வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்னு நெனச்சராதீங்க" என்று சேர்த்துக்கொண்டான்.

இவனைப் பற்றி ஆகஸ்ட் மூன்றாம் தேதி எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன்.

ஆகஸ்ட் 20, புதன்

பெனாசிர் படம் முடிந்தது, அனுப்பியாயிற்று. இனி இருப்பது நாளையும் வெள்ளிக்கிழமையும். மேடையில் இருக்கிற அத்தனை பேரையும் புதிதாக வரைய இது போதாது. அவசரமாகக் கிறுக்கினால் ஒரு முகமும் தேறாது.

ஒரு வழிதான் இருக்கிறது. கல்யாணப் போட்டோவை அப்படியே வைத்துக்கொண்டு தங்கமுத்துவை மட்டும் வரைந்து அதற்குள் நிறுத்துவது. ஒட்டு வேலை. நான் செய்ய மாட்டேன் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிற வேலை.

டீச்சரைக் கூப்பிட்டு, முழுதாக வரைய நேரமில்லை என்பதையும் இந்த ஒட்டு வழியையும் சொன்னேன். யார் விட்டுக்கொடுத்தார், யார் விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் சொன்னேன். "அந்தப் பொண்ணு சொன்னது சரிதாங்க" என்றார். பிறகு, "ஒட்டுனாப்பல இருந்தாலும் பரவாயில்ல. அவரு அதுல நின்னாச் சரி" என்றார். குரலில் கோபம் அப்படியே இருந்தது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

லைசென்ஸ் படத்து முகம் விறைப்பாக இருக்கிறது. லாரி முன்னால் நிற்கிற முகத்தில் வெயில். இரண்டையும் வைத்துக்கொண்டு, மகள் கல்யாணத்தில் இந்த மனிதர் எப்படிப் பார்த்திருப்பார் என்று நேற்று முழுக்க யோசித்தேன். மேடையின் விளக்கு இடப்பக்கமிருந்து அடிக்கிறது. சந்தனச் சட்டையில் அந்த வெளிச்சத்தைப் போட்டதும்தான் ஆள் கொஞ்சம் மேடைக்கு வந்தார்.

மகள் பக்கத்தில் நிறுத்த இடமே இல்லை. நெருக்கியடித்து நிற்கிறார்கள். யாரையாவது அழித்தால்தான் உண்டு. அதற்கு எனக்கு மனம் வரவில்லை. டீச்சரிடம் கேட்டேன். யாரையும் அழிக்க வேண்டாம் என்றார். அண்ணன் குமாரசாமிக்குப் பக்கத்தில், ஓரத்தில்தான் நிற்கிறார்.

மாலை ஆறு மணிக்கு அச்சுக்குக் கொடுத்தேன். அங்கே மெஷினில் ஏதோ மாட்டிக்கொண்டு, நாளைக் காலை என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 23, சனி

பிரின்ட் கைக்கு வந்தபோதே பத்தரை. சட்டம் போடுகிற கடைக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். நானும் லோகுவும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். மடியில் படம், எதிர்க்காற்றில் அது என்னைப் பின்னால் தள்ளியது. டீச்சர் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்துப் போய்ச் சேரும்போது ஒரு மணி தாண்டிவிட்டது. கூடுதுறையில் காரியம் முடித்துவிட்டு எல்லோரும் எப்போதோ திரும்பியிருந்தார்கள். கடைசிப் பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சரை இன்றுதான் நேரில் பார்க்கிறேன். ஒல்லியான உடம்பு, பெரிய மூக்குக் கண்ணாடி. என்னை வாங்க என்று சொல்லவில்லை. படத்தை வாங்கி, காகிதத்தைக் கிழித்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு கூடத்தில் ஒரு நாற்காலியில் சாத்திவைத்தார். மகள் ஓடிவந்து கீழே உட்கார்ந்து அப்பாவின் சட்டையைத் தொட்டாள்.

ஒவ்வொருவராகக் கூடிவிட்டார்கள். நான் பயந்தபடியே இருந்தது. மற்றவர்கள் எல்லோரும் போட்டோ, அவர் ஒருவர் மட்டும் ஓவியம். வரைந்து நிறுத்தியது கண்ணில் அடித்தது.

பெரிய மீசைக்காரர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தார். குமாரசாமி. படத்தில் தன் பக்கத்தில் நிற்கிற தம்பியை உற்றுப் பார்த்தார். "பாருங்கய்யா" என்று சிரித்தார். "இப்பவும் எல்லாரும் உண்டு கை கழுவுனதுக்கப்பறம் வந்து ஓரமா நிக்கறான்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டேதான் இருந்தார், வாய் கோணிக்கொண்டு போனது, துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார்.

என் வாய் எனக்கு முன்னால் பேசிவிட்டது. "இந்தத் தடவ அவரு மேல தப்பில்லீங்க. நாந்தான் லேட்டாக்கிப்போட்டேன். டீச்சர் ஜூன்லயே சொல்லிவெச்சிருந்தாங்க."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டே, குமாரசாமியைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்.

"அந்தத் தடவையும் அவரு மேல தப்பில்லீங்க மாமா. வண்டிய நிறுத்திப்போட்டாங்க. ரெண்டு நாளு சோறு தண்ணியில்லாம ஸ்டேசன் வாசல்ல உக்காந்திருந்தாரு. உங்ககிட்ட சொன்னா சாக்கு சொல்றான்னு நெனப்பீங்கன்னு கடைசி வரைக்கும் வாயத் தொறக்கல."

குமாரசாமி படத்துக்கு முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். இளைய தம்பி ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் வெளியே வந்து செருப்பைப் போடும்போது டீச்சர் மகள் பின்னாலேயே ஓடிவந்து, சாப்பிடாமல் போகக் கூடாது என்று இழுத்துக்கொண்டு போனாள். இரண்டே இலை போட்டார்கள். லோகு வாழைக்காய்ப் பொரியலை மூன்று தடவை கேட்டு வாங்கினார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

கந்தவேல் படம் பாதி. அவன் அப்பாவின் கண் நன்றாக வந்திருக்கிறது.

ஒன்பது விதிகளையும் எடுத்துவிட்டேன். வரிசை முழுவதையும் அப்படியே பக்கத்தில் போட்டிருக்கிறேன்: யார் எந்த இடம், எந்த நாளுக்குள் வேண்டும், யார் யாரைத் தாண்டிப் போனார்கள், ஏன். சத்தம் போட்டதால் முன்னால் போனார் என்றே எழுதியிருக்கிறேன். எட்டாவது ஆள் நாலாயிரம் பேர் குரூப்பில் என்னைப் பற்றிப் போட்டுவிட்டார். போடட்டும். என்றைக்கு வேண்டும் என்று கேட்கிற இடத்தில் திதியா தேதியா என்றும் கேட்டிருக்கிறேன்.

மாலை டீச்சர் கூப்பிட்டார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும், அதை விடுங்க என்பது போல, "அது ஒட்டுப் படந்தானுங்களே? முழுசா வரையற படத்துக்கு நான் பேரு குடுத்தது அப்படியே இருக்குதுங்களா?" என்றார்.

"இருக்குதுங்க டீச்சர். கந்தவேலுக்கு அடுத்தது நீங்கதான். நாளைக்கே வேணும்னாலும்..."

"நாளைக்கெல்லாம் வேண்டாமுங்க. என்ற முறை வரும்போது வரட்டும்" என்றார். "ஆனா இந்தத் தடவ எனக்கு முன்னால யாரையாச்சும் விடறதா இருந்தா, எங்கிட்டக் கேட்டுட்டு விடுங்க. நான் முடியாதுன்னும் சொல்லுவேன்."

சரிங்க என்றேன்.